கடையாணி இல்லாத கப்பியும் ஜவுபரின் வலது கையும்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போது அதன் கீழால் நீங்கள் எத்தனையோ தடவை நடந்து போயிருப்பீர்கள். ஒரு தடவையாவது நின்று, தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கப்பி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். நாம் அண்ணாந்து பார்ப்பது பிறை தேடும் மாலைகளில் மட்டும்தான். பிறை விழுந்து இதுவரை யாருக்கும் தோள் முறிந்ததில்லை.

கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: "எல்லாம் அல்லாட நாட்டம்." ஆண்டவனுக்கு இந்த ஊரில் எவ்வளவு வேலை பாருங்கள். வயலுக்கு மழை தர வேண்டும், கடலுக்கு மீன் தர வேண்டும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு மறந்த பாடத்தை நினைவூட்ட வேண்டும். இவற்றோடு, கட்டட ஒப்பந்தம் எடுக்கிற கொந்தராத்துக்காரர் ஸைனுலாப்தீனுடைய கப்பிக்கும் அவனே பொறுப்பேற்க வேண்டும். ஸைனுலாப்தீனுக்கு மட்டும் ஒரு பொறுப்பும் கிடையாது.

அந்தக் கப்பியின் கீழே நின்றவர் ஜவுபர். இது அவருடைய கதை.

ஜவுபர் கல்முனைக்குடியில் பிறந்தவர். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வரும்வரை கரைவலை இழுத்தவர். வலை இழுத்ததைவிட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவருடைய தொண்டைதான். கயிற்றைப் பிடித்து வரிசையாக நிற்கிறவர்கள் ஒரே மூச்சில் இழுக்க வேண்டுமானால் ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் குரல் கொடுக்காமல் ஒருவரும் இழுக்க மாட்டார்கள். ஜவுபர் அம்பா எடுத்தால் பாண்டிருப்புக் கரையில் சும்மா நிற்பவன்கூடக் கயிற்றைத் தேடுவான் என்று பேச்சு. பாட்டில் பாதி முதலாளிமாரைப் பற்றிய சங்கதியாக இருக்கும். முதலாளிமாரும் கேட்டுச் சிரிப்பார்கள். வலை ஏறுகிறதே, அது போதும் அவர்களுக்கு.

சூறாவளி கரைவலை முதலாளியின் தோணியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னந்தோட்டத்துக்குள் கவிழ்த்து வைத்தது. வலை எங்கே போனதென்று கடலுக்குத்தான் தெரியும். ஊரில் கூரையுள்ள வீடுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது; அதனால் கட்டட வேலை பெருகியது. அடுத்து சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களின் காசு வரத் தொடங்க, ஓலைக் குடில் இருந்த வளவுகளில் மாடிகள் முளைத்தன. விறகு லொறி ஓடவிட்டுக்கொண்டிருந்த ஸைனுலாப்தீன் அந்தக் காலத்தில்தான் கொந்தராத்துக்காரர் ஆனார். அவருக்குக் கட்டடம் தெரியாது. ஆனால் ஆட்களைத் தெரியும். ஊரில் அது போதும்.

அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. மாடிக்குக் கொங்கிறீட் போடும்போது கலவையைத் தாச்சி தாச்சியாக ஏணி வழியே கைமாற்றி ஏற்றுவதற்கு நிறைய ஆள் வேண்டும். அதற்குப் பதிலாக உச்சியில் ஒரு கப்பியைக் கட்டி, பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்ப் பரலில் கலவையை நிரப்பி, கரைவலைக்காரர்களைக் கொண்டு கயிற்றை இழுக்கவைத்தால்? கடலிலிருந்து மீனை இழுத்தவர்கள் தரையிலிருந்து கொங்கிறீட்டை இழுக்க மாட்டார்களா? நன்றாகவே இழுத்தார்கள். ஜவுபர் அம்பா எடுத்தார். கயிறு பிடிப்பவர்களும் தெரிய வேண்டும், மேலே பரலை வாங்கும் மேசன்மாரும் தெரிய வேண்டும். இரண்டும் தெரியக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது கப்பிக்கு நேர் கீழே.

கப்பி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூறாவளியில் உடைந்த ஓர் இயந்திரப் படகின் கப்பி அது. பழைய இரும்போடு இரும்பாக வாங்கியது. சக்கரம் சுற்றும் அச்சு கழன்று வெளியே வராமல் தடுக்கிற கடையாணி அதில் இல்லை. கடையாணி இருக்க வேண்டிய துளையில் ஸைனுலாப்தீன் கட்டுக்கம்பியைக் கோத்து முறுக்கிவிட்டிருந்தார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு கச்சிமுகம்மது ஹாஜியார் தமது துணிக்கடைக்கு மேல்மாடி கட்டினார். கொந்தராத்து ஸைனுலாப்தீனுக்கு. கொங்கிறீட் போடுகிற நாள் என்றால் எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம். லெப்பை வந்து பாத்திஹா ஓதினார். ஜின் சைத்தான் அண்டாதிருக்க ஒரு சேவலை அறுத்தார்கள். புரியாணிக்கு ஆடு வேறு. கண்ணூறு படாமல் இருக்க, ஓதி எழுதிய செப்புத் தகடு ஒன்றை முன்தூணில் அறைந்தார்கள்.

அந்தத் தகட்டுக்கு ஆணி இருந்தது.

வேலை தொடங்கிச் சற்று நேரத்தில் கப்பி கத்தத் தொடங்கியது. ஜவுபர் பாட்டை நிறுத்தினார்.

"முதலாளி, கப்பி கத்துது. கம்பியெல்லாம் தேஞ்சி கெடக்கு."

"நீ கத்தினாத்தானே இவனுகள் இழுக்கானுகள்? அதும் கத்தட்டும்," என்றார் ஸைனுலாப்தீன்.

"ஒரு ஆணிய வாங்கிப் போடுங்களன். எதிர்லதானே இரும்புக் கட இரிக்கி."

"கலவ இறுகிப்போகும் ஜவுபர். நாளைக்குப் பாப்பம். ஓதிப் போட்டிரிக்கி, ஒண்டும் நடக்காது."

சாரத்தின் மேலே நின்ற இளையதம்பி மேசன் குனிந்து பார்த்தார். காரைதீவுக்காரர், ஜவுபரைக் கட்டட வேலைக்கு அழைத்து வந்தவர் அவர்தான். "ஜவுபர் காக்கா, லெப்ப ஓதினது கப்பிக்குக் கேட்டிச்சோ எண்டு ஒருக்காக் கேளுங்க!" என்றார். கயிறு பிடித்தவர்கள் சிரித்தார்கள். ஸைனுலாப்தீனும் சிரித்தார். ஜவுபர் மீண்டும் அம்பா எடுத்தார்.

நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன் கம்பி அறுந்தது. அச்சு நழுவியது. முதலில் சக்கரம் வந்தது, பின்னால் கலவையோடு பரல். சக்கரம் ஜவுபரின் வலது தோளில் இறங்கியது. பரல் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் புதைந்தது.

தலையில் விழாமல் போனது அல்லாஹ்வின் கிருபை என்று அங்கே நின்ற அத்தனை பேரும் உடனே சொன்னார்கள். தோளில் விழுந்தது யாருடைய கிருபை என்று எவரும் சொல்லவில்லை. மணல் ஏற்றி வந்த லொறியில் ஜவுபரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வேலை நிற்கவில்லை. நிற்க முடியுமா? பாதியில் விட்டால் கொங்கிறீட் தட்டு வெடித்துவிடுமே! கப்பி மறுபடி மேலே ஏறியது, புதிய கட்டுக்கம்பியோடு. அம்பாவுக்கு வேறொருவர் நின்றார். புரியாணியும் நன்றாக இருந்ததாம்.

இனி, இந்தக் கதை எதைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்தச் சங்கதிக்கு வருவோம். பொருத்தம் கேட்பது என்று எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், "நான் ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க" என்று கேட்பார். சாகக் கிடக்கிறவர் கேட்பார். கேட்கப்பட்டவர் கையைப் பிடித்து, "பொருந்திட்டன்" என்றால் கணக்கு முடிந்தது. அழகான வழக்கம்தான். மனிதனுக்கு மனிதன் செய்த பிழையை அந்த மனிதனே மன்னிக்க வேண்டும், ஆண்டவன்கூட அதில் தலையிட மாட்டான் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. அப்படிப்பட்ட வழக்கத்தை ஊரில் யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், அதிகம் பிழை செய்கிறவர்கள்தான். அவர்களுக்குத்தானே அதிகம் தேவை.

ஜவுபரின் கட்டிலுக்கு மூன்று பேர் வந்தார்கள். கையில் அப்பிளும் குளுக்கோஸ் பேணியும். ஸைனுலாப்தீன், கச்சிமுகம்மது ஹாஜியார், மூன்றாவதாக நூஹு மரைக்கார். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது வம்சத்துக்கும், ஒரு மரைக்கார் உண்டு. குடியில் எந்தப் பிணக்கு வந்தாலும் முதலில் அவரிடம்தான் போகும். ஜவுபரின் குடிக்கு நூஹு மரைக்கார். நேர்மையானவர். பொய் பேசாதவர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

"ஜவுபர், ஸைனுலாப்தீன் வந்திரிக்காரு. மனசில ஒண்டும் வெச்சிக்கப்படாது," என்றார் மரைக்கார்.

"மனசில ஒண்டுமில்ல மரைக்கார். எல்லாம் தோள்லதான் இரிக்கி."

"அல்லாட நாட்டம் தம்பி," என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார். கட்டுக்கம்பி மட்டும் மனிசன்ட நாட்டம்."

ஸைனுலாப்தீன் கையை நீட்டினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை. நம் ஊரில் அநியாயம் செய்கிறவர்களுக்கு அழுகை சுலபமாக வரும். ஜவுபர் தம்மிடம் மிச்சமிருந்த இடக்கையை நீட்டினார்.

மரைக்கார் பதறிப்போனார். "அஸ்தஃபிருல்லா! இடக்கையாலயா பொருத்தம் குடுக்கிற?"

மார்க்கத்தில் மிகுந்த பேணுதலுள்ளவர் அல்லவா! கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்த வலக்கையை மெல்ல எடுத்து ஸைனுலாப்தீனின் உள்ளங்கையில் வைத்தார். ஸைனுலாப்தீன் அதை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார். "பொருந்திக்க தம்பி! பொருந்திக்க!"

"பொருந்திட்டன்! பொருந்திட்டன்! கைய உடுங்க! உம்மாஆ!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்கள் மூவரும். ஜவுபர் தாயைக் கூப்பிட்ட சத்தம் கேட்டுத் தாதி ஓடி வந்தார்.

எலும்பு ஏதோ ஒரு மாதிரிச் சேர்ந்தது. ஆனால் கை நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. கயிறு பிடிக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது, சேட்டுப் போடுவதற்கே நபீலா வர வேண்டும். நபீலா அவருடைய மனைவி. மருதமுனைக்காரர் ஒருவரின் கைத்தறியில் நெசவு செய்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். இனி இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

ஜவுபர் ஸைனுலாப்தீனிடம் போய், சீமெந்து மூட்டைக்குக் காவல் இருக்கும் வேலையாவது தரச் சொல்லிக் கேட்டார்.

"நீ எப்ப என்ட ஆளா இருந்த? ஒன்னக் கூட்டி வந்தது இளையதம்பி. அவர்ட்டப் போய்க் கேளு."

இளையதம்பி தலையில் கையை வைத்தார். "நானே நாட்கூலி காக்கா. நான் எப்ப முதலாளியானன்? ஆனா நல்ல செய்திதான், பொஞ்சாதிக்கிட்டச் சொன்னாச் சந்தோசப்படுவா."

ஹாஜியார் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி சொன்னார்: "நான் கொந்தராத்துக் குடுத்திட்டன் தம்பி. கட்டடம்தான் என்ட. ஆக்கள் என்டயில்ல."

கட்டடத்துக்கு உரிமையாளர் இருந்தார். கப்பிக்கு உரிமையாளர் இருந்தார். சேவலின் தலைக்குக்கூட உரிமை கேட்டு லெப்பையின் மச்சான் வந்தாராம். ஜவுபர் மட்டும் ஒருவருடைய ஆளும் இல்லை. தெருவில் போனவர் எதற்கோ தாமாக வந்து கப்பிக்குக் கீழே நின்று பாட்டுப் பாடியிருக்கிறார்.

ஒரு நாள் நபீலாவின் தம்பி வந்தார். வெளியூரில் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, வேலையில் வைத்து உடம்புக்கு ஏதும் நடந்தால் வேலை கொடுத்தவன் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னார். ஆண்டுக்கணக்காக அந்தச் சட்டம் நாட்டில் இருந்திருக்கிறது. கல்முனைக்குடிக்கு வர மட்டும் பஸ் கிடைக்கவில்லை போலும்.

நபீலா உடனே எழும்பினாள். தடுத்தவர் யார் தெரியுமா? ஜவுபர்தான்.

"நான் பொருந்திட்டன் புள்ள. மூணு பேருக்கு முன்னால வாயால சென்னது. ரெண்டு பேச்சுப் பேசி ஈமான எழக்க ஏலாது."

"கைய நெரிச்சாச் செல்ற பேச்செல்லாம் ஒரு பேச்சா?"

"பேச்சு பேச்சுத்தான்."

நபீலா சிறிது நேரம் அவருடைய சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "சரி. ஒங்கட பங்க நீங்க பொருந்திட்டீங்க. அந்தக் கை எனக்கும் சோறு போட்ட கை. என்ட பங்கப் பொருந்தச் செல்லி என்னட்ட ஆரு வந்த? புள்ளையள்ட பங்க ஆரு வந்து கேட்ட? அப்பிளக்கூட அவனுகள் ஒங்களுக்குத்தானே கொண்டு வந்தானுகள்."

மறுநாள் இருவரும் அரசாங்கத் தொழிற் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார்கள்.

ஊர் கொதித்தது. கப்பி விழுந்தபோது கொதிக்காத ஊர், முறைப்பாடு விழுந்ததும் கொதித்தது. "பொருத்தம் முறிச்ச ஜவுபர்" என்று பேர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் ஸப்ர், அதாவது பொறுமை, விரிவாகப் பேசப்பட்டது. நம் ஊரில் பொறுமையைப் பற்றிய பிரசங்கம் எப்போதும் கப்பிக்குக் கீழே நிற்கிறவனுக்குத்தான். மேலே கட்டியவனுக்கு ஆணியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தால் என்ன என்று எந்தப் பிரசங்க மிம்பருக்கும் தோன்றியதில்லை.

விசாரணை நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. விசாரணை அதிகாரி கொழும்பிலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். வெக்கையில் அரைத்தூக்கத்தில் இருந்தார். ஸைனுலாப்தீனுக்காக வாதாட ஓர் அப்புக்காத்து தோன்றினார். அவர் இரண்டு தோணியிலும் கால் வைத்தார். முதல் தோணி: இந்த ஜவுபர் எங்கள் கட்சிக்காரரின் தொழிலாளியே அல்ல. இரண்டாவது தோணி: அப்படியே இருந்தாலும் அவர் எங்கள் கட்சிக்காரரை மன்னித்துவிட்டார், சாட்சி, ஊரே மதிக்கும் நூஹு மரைக்கார்.

மரைக்கார் எழுந்து சத்தியம் செய்தார். ஜவுபர் பொருத்தம் கொடுத்தது உண்மை என்றார்.

அதிகாரி கண்ணைத் திறந்தார். "பொருத்தமோ? கலியாணப் பொருத்தமோ?"

மண்டபம் சிரித்தது. மரைக்காருக்கு ரோசம் வந்துவிட்டது. வெளியூர்க்காரருக்கு எங்கள் மார்க்கத்தின் மேன்மையை விளக்காமல் விடலாமா? அப்புக்காத்து வேண்டாம் வேண்டாம் என்று இருமிக் காட்டியும் அவர் நிறுத்தவில்லை.

"அப்பிடியில்லங்க. ஒருத்தருக்கு நம்மளால ஒரு அநியாயம் நடந்தா, அவர்ட்டப் போய் கையப் புடிச்சி மாப்புக் கேக்கிறது."

"ஆர் கேக்கிறது? ஆரும் கேக்கலாமோ?"

"அதெப்பிடி? அநியாயம் செஞ்சவர்தான் கேக்கணும். மத்தவன் கேட்டாச் செல்லாது."

"பிழை செய்யாதவர் ஒருத்தர் ஒரு மரியாதைக்குப் போய்க் கேட்டால்?"

"பிழ செய்யாதவனுக்கு என்னத்துக்குங்க பொருத்தம்? பிழ இருந்தாத்தான் பொருத்தம்," என்றார் மரைக்கார், ஒரு மத்ரஸா முழுவதற்கும் பாடம் நடத்தும் குரலில்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கம் போய்விட்டது. "ஜவுபரிட்டை ஆர் பொருத்தம் கேட்டது?"

"இந்தா இரிக்காரே, ஸைனுலாப்தீன்."

"ஜவுபர் என்ன சொன்னார்? அவர் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கோ."

பொய் பேசாதவர் என்று முன்னமே சொன்னேனே. "'பொருந்திட்டன், கைய உடுங்க, உம்மா' எண்டாருங்க."

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து நபீலாவின் குரல் வந்தது: "உம்மா எண்டதும் பொருத்தத்தில சேருமா மரைக்கார்?"

அதிகாரி கையைத் தூக்கி அமைதியாக்கிவிட்டு ஸைனுலாப்தீனைப் பார்த்துக் கேட்டார்: "முதலாளி, இவர் உங்கடை ஆள் இல்லை எண்டு சொல்லுறியள். அப்ப நீங்கள் என்ன பிழைக்காக இவரிட்டைப் பொருத்தம் கேட்டனீங்கள்?"

ஸைனுலாப்தீன் அப்புக்காத்தைப் பார்த்தார். அப்புக்காத்து கூரை முகட்டைப் பார்த்தார். அந்தத் தரப்பில் ஒருவர் அண்ணாந்து பார்த்தது அதுவே முதல் தடவை.

ஸைனுலாப்தீன்தான் பொறுப்பு என்று முடிவானது. தனக்குரிய நட்டஈட்டை விட்டுக்கொடுத்தேன் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலே அது செல்லாது, வலியில் கத்தியது எப்படிச் செல்லும் என்றும் அதிகாரி சொன்னார். ஹாஜியார் தப்பிவிட்டார். அவருடைய தொழில் துணி விற்பது, கட்டடம் கட்டுவதல்ல என்று சட்டம் அவரை வெளியே விட்டது. சட்டத்துக்கும் சில வேளைகளில் ஹாஜியார்மாரிடம் மரியாதை உண்டு. நட்டஈடு இழுபட்டு இழுபட்டு வந்து சேர்ந்தது. மரைக்கார் மூன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஸைனுலாப்தீனின் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜவுபர் இப்போது கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறார். அதற்குக் கை வேண்டியதில்லை; தொண்டை போதும். இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஸைனுலாப்தீன் பாடம் கற்றுக்கொண்டார். என்ன பாடம்? கப்பிக்கு ஆணி போட வேண்டும் என்ற பாடமா? அது சாதாரண மூளைக்குத் தோன்றுவது. அவர் கற்றுக்கொண்டது வேறு: விபத்து நடந்த பிறகு பொருத்தம் கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிறது, ஆகவே நடப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அட்டாளைச்சேனையில் அவர் எடுத்த மாடி வீட்டில் கொங்கிறீட் போடும் நாள் வந்தது. அதே கப்பி, பச்சை நிறப் பூச்சோடு. அச்சில் அதே கட்டுக்கம்பி. வேலையாட்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "ஏதும் நடந்தாப் பொருந்திக்கங்க" என்று கேட்டுக்கொண்டு போனார். இன்னும் முறியாத கைகளுக்கு முற்கூட்டியே மன்னிப்பு! இளையதம்பி அதற்கு முதல்நாளே ஜவுபரிடம் சொல்லியிருந்தார். ஜவுபர் அன்று மீன் ஏலத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அவரைக் கண்டதும் ஸைனுலாப்தீனின் முகம் கறுத்தது. "ஒனக்கு இஞ்ச என்ன வேல?"

"பொருத்தம் குடுக்கத்தான் வந்தன் முதலாளி." ஜவுபர் வரிசையின் கடைசியில் போய் நின்று வலக்கையை நீட்டினார். கை நெஞ்சு மட்டத்தில் நின்றது. "இதுக்கு மேல ஏறாது. குனிஞ்சி புடிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் பலர் பழைய கரைவலைக்காரர்கள். அந்தக் கையை அவர்கள் கயிற்றில் கண்டவர்கள்.

ஜவுபர் திரும்பிக் கப்பியைப் பார்த்தார். பழைய குரலில், ஊர் கேட்க, அம்பா எடுத்தார்:

"ஆணியில்லாக் கப்பி!"

"ஏலேலோ!" என்றார்கள் கயிற்றுக்காரர்கள், பழக்கத்தில்.

"ஆரு தோளுக்கிப்ப?"

"ஏலேலோ..." இந்தத் தடவை குரல் மெலிந்துவிட்டது. ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜவுபர் அதற்கு மேல் பாடவில்லை. அன்றைக்கு அம்பா எடுக்க வந்திருந்தவரும் வாயைத் திறக்கவில்லை. குரல் இல்லாமல் கயிறு இழுப்பது கரைவலைக்காரர்களுக்குப் பழக்கமில்லை. கயிறு மண்ணில் கிடந்தது. இளையதம்பி சாரத்திலிருந்து இறங்கி வந்து சீமெந்து மூட்டையில் குந்தினார்.

"கலவ இறுகப் போகுதுடா!" என்று ஸைனுலாப்தீன் கத்தினார்.

"இறுகட்டும் முதலாளி," என்றார் இளையதம்பி. "நாங்க பொருந்திக்கிறம்."

ஸைனுலாப்தீன் ஆளனுப்பினார். கடையாணி வந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதைத் துளையில் செருகி முனையை வளைத்துவிட, இளையதம்பிக்கு ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் நேரம்கூட எடுக்கவில்லை. கலவை இறுகவில்லை. தட்டு வெடிக்கவில்லை. ஜின் ஒன்றும் வந்து ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் கப்பி ஒன்றுக்குத்தான் ஆணி போட்டாகிவிட்டது. ஊரில் கப்பிகள் எத்தனையோ. ஜவுபர் எல்லா இடத்துக்கும் பஸ் ஏற முடியாது. அவர் ஏலம் கூற வேண்டும்.

ஆகவே உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போகும்போது நின்று அண்ணாந்து பாருங்கள். அச்சில் இருப்பது ஆணியா கம்பியா என்று கேளுங்கள். கம்பி என்றால், கீழே நிற்கிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கப்பி யாருடையது என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி விசாரியுங்கள். என்றைக்காவது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பொருத்தம் கேட்கப் போகிறவர்கள் உங்களையும் சாட்சிக்கு அழைத்தால், மறுக்காதீர்கள். போங்கள். என்ன கேட்டார்கள், எந்தக் கையைப் பிடித்தார்கள், கட்டிலில் கிடந்தவர் என்ன சொல்லிக் கத்தினார் என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விசாரணைக்கு வந்து, நூஹு மரைக்காரைப் போல, ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள்.